தாராவிக்கு அடியில் ஒரு காலிப் பெட்டி

மும்பையின் ரயில் வரைபடத்தில் 2025 மே 10 வரை தாராவி என்ற பெயரில் ஒரு நிலையம் கிடையாது. 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தானேவுக்கு நாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியபோது, அது தாராவிச் சதுப்பின் கிழக்கு ஓரமாகத்தான் போனது. பிறகு மேற்கு ஓரத்தில் இன்னொரு பாதை வந்தது. கிழக்கே சயான், மேற்கே மாஹிம், தெற்கே மாட்டுங்கா என்று சுற்றிலும் ஸ்டேஷன்கள். நெல்லைச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டவர்களும் சௌராஷ்டிரத்திலிருந்து வந்து பானை வனைந்தவர்களும் நிறைந்த நடுப்பகுதிக்கு மட்டும் பெயர்ப்பலகை இல்லை. தாராவிக்காரர் லோக்கல் ரயில் பிடிக்க வேண்டுமென்றால் யாரோ ஒருவர் ஊர்ப் பெயருள்ள ஸ்டேஷனுக்கு நடந்தே போக வேண்டும். 172 ஆண்டு கழித்துப் பலகை வந்தது. அதுவும் தரைக்கு மேலே அல்ல, அடியில்.

கஃபே பரேடிலிருந்து ஆரே வரை போகும் மெட்ரோ 3, மும்பையின் முதல் சுரங்க மெட்ரோ. நீளம் 33.5 கிலோமீட்டர், 1853இன் முதல் பாதையும் ஏறக்குறைய இதே நீளம்தான். மொத்தம் 27 நிலையங்கள். ஆரே ஒன்று மட்டும் தரையில், மற்ற 26ம் பூமிக்குள். 2024 அக்டோபரில் ஆரேயிலிருந்து பாந்திரா குர்லா காம்ப்ளக்ஸ் வரையும், 2025 மே மாதம் அங்கிருந்து தாராவி, தாதர் வழியாக வர்லியின் ஆச்சார்ய அத்ரே சௌக் வரையும், அதே ஆண்டு அக்டோபரில் மீதமிருந்த கஃபே பரேடு வரையும் திறந்தார்கள். மாட்டுங்காவை இது தொடவில்லை. அங்கே காபி குடிக்கப் போகிறவர்களுக்கு இன்னும் லோக்கல்தான் கதி.

இந்தப் பாதை கட்டப்பட்ட ஆண்டுகளில் பத்திரிகைகளுக்கெல்லாம் சுரங்கம் துளைக்கும் எந்திரமே கதாநாயகன். 17 எந்திரங்கள். சூர்யா, வைதர்ணா, தான்சா, கோதாவரி என்று மகாராஷ்டிர ஆறுகளின் பெயர்களை அவற்றுக்கு வைத்திருந்தார்கள். ஓர் எந்திரம் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே தலை நீட்டும்போதெல்லாம் அமைச்சர்கள் கூடிக் கைதட்டுவார்கள், படம் வரும். 2022 நவம்பர் 30 அன்று மகாலட்சுமியில் 42ஆவது முறையாக, கடைசி முறையாக அப்படித் தலை நீட்டியது. துளைக்கும் வேலை அதோடு முடிந்துவிட்டது. ஆனால் மகாலட்சுமியில் ரயில் வந்து நின்றதோ 2025 அக்டோபரில். நடுவே கிட்டத்தட்ட மூன்று ஆண்டு. தண்டவாளம், மின்சாரம், சிக்னல், சோதனை ஓட்டம் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் தாமதத்துக்கான விடையின் பெரும்பகுதி நிலையங்களில் இருக்கிறது. சுரங்க ரயில் என்றதும் நாம் வியப்பது சுரங்கத்தை. பொறியாளருக்குத் தூக்கம் கெடுவது நிலையத்தால்.

ஏன் என்பதற்கு முதல் காரணம் வடிவம். எந்திரம் குடைவது ஆறு மீட்டருக்குச் சற்று மேல் விட்டமுள்ள ஒரு வட்டம். வட்டத்தை மண் எல்லாப் பக்கமும் அழுத்தினால், அந்த அழுத்தமே வளையத்தின் துண்டுகளை ஒன்றோடொன்று இறுக்குகிறது. கான்கிரீட்டுக்கு நசுக்குவது பிடிக்கும், இழுப்பது பிடிக்காது. வளையத்தில் அது பெரும்பாலும் நசுங்கியே நிற்கிறது. தவிர, எந்திரத்தின் உலோகக் கூட்டுக்குள்ளேயே முன்வார்ப்புக் கான்கிரீட் துண்டுகளைக் கோத்து வளையமாக்கிவிடுவதால், மண் ஒரு நிமிடம்கூட ஆதரவில்லாமல் நிற்பதில்லை. மேலே தெருவில் இருப்பவருக்குக் கீழே ஒன்று போனதே தெரியாது.

நிலையம் அப்படியல்ல. எட்டுப் பெட்டி ரயில் நிற்க ஏறக்குறைய 180 மீட்டர் பிளாட்பாரம் வேண்டும். அதன்மேல் டிக்கெட் எடுக்கும் தளம், இரு முனைகளிலும் மின்சார அறை, காற்று அறை, பம்பு அறை. எல்லாம் சேர்ந்தால் இருநூறு மீட்டரைத் தாண்டிய நீளம், இருபது மீட்டர் அகலம், இருபது மீட்டர் ஆழம் கொண்ட ஒரு செவ்வகப் பெட்டி. தட்டையான சுவர் வட்டம் போல நசுங்கி நிற்காது, வளையும். தட்டையான கூரை தொய்யும். பெட்டியைக் கட்ட முதலில் அத்தனை பெரிய குழி வேண்டும், அந்தக் குழி ஆண்டுக்கணக்கில் வாய் திறந்து கிடக்க வேண்டும், அதுவும் ஊரின் நெரிசலான இடத்தில். யாரும் இல்லாத இடத்தில் ஸ்டேஷன் கட்டி என்ன பயன்?

இரண்டாவது காரணம் மண். இங்கேதான் தாராவி சுவாரசியமாகிறது.

பழைய பம்பாய் ஏழு தீவுகள். அவற்றை இணைத்த பெருந்தீவின் வடமுனை ஓரம்தான் தாராவி. அதற்கப்பால் மாஹிம் கழி, அதில் கலக்கும் மித்தி ஆறு, அக்கரையில் சால்செட் என்ற வேறு தீவு. இரண்டு தீவுகளையும் சேர்க்க சயானில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கடற்பாலச் சாலை, மாஹிமில் 1845இல் இன்னொன்று. நடுவில் இருந்தது அலையாத்திக் காடும் சேறும், கோலி மீனவர்களின் வலைகளும். நகரம் தன் குப்பையையும் இடிபாட்டையும் கொட்டிக் கொட்டி அந்தச் சேற்றைத் தரையாக்கியது. குடியேறியவர்களும் தங்கள் பங்குக்குக் கூடை கூடையாகக் கொட்டி மேடாக்கினார்கள். பக்கத்தில் இருக்கும் மாஹிம் இயற்கைப் பூங்காவே ஒரு காலத்துக் குப்பைமேடு.

ஆகவே இந்தப் பகுதியில் துளையிட்டுப் பார்த்தால் முதலில் வருவது மனிதன் கொட்டியது. அதன்கீழ் கடல் கொண்டுவந்து படியவைத்த கருஞ்சாம்பல் நிறக் களிமண், இடையிடையே கிளிஞ்சல். அதற்கும் கீழே முரம் என்று அங்கே எல்லோரும் சொல்லும் சிதைந்த பாறை. அப்புறம்தான் உண்மையான பாறை. அந்தப் பாறையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சுமார் ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அலை அலையாக வழிந்தது. மும்பை அந்த வழிசலின் மேற்கு விளிம்பு. ஒரு குழம்புக்கும் அடுத்ததற்கும் இடையே போதிய காலம் கிடைத்தபோது ஏரிகள் தோன்றின, அவற்றில் தவளைகள் வாழ்ந்தன. வர்லிப் பாறையில் அகப்பட்ட அந்தச் சின்னஞ்சிறு தவளைகளின் புதைபடிவங்களை 1847இல் விவரித்து எழுதியவர், டைனோசர்களுக்கு அந்தப் பெயர் கொடுத்த அதே ரிச்சர்ட் ஓவன். இன்று இந்தோபட்ராக்கஸ் என்று அழைக்கப்படும் அந்தத் தவளைகள் புதைந்த அடுக்குகள், பொறியாளருக்கு வேறு விதமாக முக்கியம். பசால்ட் என்ற கெட்டியான எரிமலைப் பாறைக்கு நடுவே மெல்லிய களிப்பாறை, எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை, உடைந்த துண்டுகள் ஒட்டிப்போன பிரெக்சியா என்று பலம் குறைந்த அடுக்குகள் செருகிக்கிடக்கின்றன என்பதே அதன் பொருள். பசால்ட் எந்திரத்தின் பல்லைத் தேய்க்கும். பிரெக்சியா உலர்ந்திருக்கும்போது நல்ல பிள்ளையாக இருந்து, நனைந்தால் குணம் மாறும். இரண்டும் ஒரே நாள் வேலையில் மாறி மாறி வரலாம்.

சென்னைக்காரர்களுக்கு இந்த அவதி புதிதல்ல. அங்கே மணல், களிமண், கருங்கல் உருண்டை மூன்றும் கலந்து கிடக்கின்றன. 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில் சர்ச் பார்க் அருகே சாலை உள்வாங்கி ஒரு மாநகரப் பேருந்தையும் ஒரு காரையும் விழுங்கியது கீழே மெட்ரோ சுரங்கப் பணி நடந்துகொண்டிருந்த இடத்தில்தான். கல்கத்தாவின் பௌபஜாரில் 2019 ஆகஸ்ட் 31 அன்று எந்திரம் நிலத்தடி நீர் நிறைந்த அடுக்கில் போய் இடிக்க, நீரோடு மண்ணும் வழிந்து மேலே பழைய வீடுகள் சரிந்தன. கல்கத்தாவில் குற்றவாளி மண்ணல்ல, மண்ணுக்குள் இருந்த நீர்.

ஈரக் களிமண்ணில் பெட்டி கட்டுவது எப்படி? முதலில் குழி தோண்டுவதில்லை. முதலில் சுவர், பிறகுதான் குழி. தரையிலிருந்து பாறை வரை வரிசையாகத் துளையிட்டு, ஒன்று விட்டு ஒன்றாகக் கான்கிரீட் தூண்களை வார்க்கிறார்கள். அவை முழுதாக இறுகுவதற்கு முன், இடைப்பட்ட இடத்தில் இரு பக்கத் தூண்களையும் சற்றே கடித்துக்கொண்டு போகும்படி மீண்டும் துளையிட்டு, இரும்புக் கம்பிக் கூண்டை இறக்கிக் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். இப்படி ஒன்றையொன்று கடித்து நிற்கும் தூண் வேலி, சுவருமாகும், நீருக்கு அணையுமாகும். பிறகு உள்ளே இருக்கும் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ள வேண்டும். அள்ள அள்ள, வெளி மண் சுவரை உள்ளே தள்ளும். அதனால் சில மீட்டருக்கு ஒரு முறை எதிரெதிர்ச் சுவர்களுக்குக் குறுக்கே பெரிய எஃகு உருளைகளை முட்டுக்கொடுக்கிறார்கள். குழி பாறையைத் தொட்ட பிறகு அடியில் இருப்பதைப் பாறை உடைக்கும் எந்திரத்தாலோ, அனுமதி கிடைத்த இடத்தில் அளந்து வைத்த சிறு வெடியாலோ உடைக்கிறார்கள். தெற்கு மும்பையில் இந்த இரவுச் சத்தத்துக்கு எதிராகக் குடியிருப்போர் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். தூக்கம் போகாதா பின்னே?

சுவரின் பாதமும் பாறையின் தலையும் சந்திக்கும் அந்த இடுக்குதான் இதில் பலவீனமான இடம். நீர் அங்கேதான் வழி பார்க்கும். கசிவதைப் பம்பு வைத்து இறைத்துவிடலாமே என்று தோன்றும். இறைக்கலாம், ஆனால் குழிக்குள் இறைக்கிற நீர் குழிக்கு வெளியே இருக்கும் களிமண்ணிலிருந்தும் வடிந்து வருகிறது. கடற்களிமண்ணில் பாதிக்கு மேல் நீராகவே இருக்கக்கூடும். நீர் வடிந்தால் துகள்கள் நெருங்கும், மண் அமிழும், மேலே இருக்கும் வீடும் கூடவே இறங்கும். எல்லாம் ஒரே அளவில் இறங்கினால் பெரிய கேடில்லை. ஒரு மூலை இறங்கி மறு மூலை நின்றால்தான் சுவர் விரியும். தாராவியில் பல வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு, ஆழமான அடித்தளம் இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக மாடி ஏறியவை. ஒருவர் வீடு சாய்ந்தால் அது வரிசைக்கே செய்தி.

அதனால் குழியைச் சுற்றிலும் ஒரு வேவுப் படையே நிற்கும். மண்ணுக்குள் நீரின் அழுத்தத்தை அளக்கும் குழாய்கள், சுவர் எத்தனை மில்லிமீட்டர் வளைந்தது என்று சொல்லும் சாய்வுமானிகள், வீட்டுச் சுவர்களில் ஒட்டிய குறிகள். ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கை அளவு ஒன்று, நிறுத்து அளவு ஒன்று. மெட்ரோ வேலை நடந்த தெருவில் சுவரில் சின்னக் கண்ணாடிப் பட்டையைப் பார்த்து இது என்ன அலங்காரம் என்று யோசித்திருந்தால், அது உங்கள் வீட்டை வேவு பார்த்த குறி.

எல்லா நிலையங்களுக்கும் இந்தத் திறந்த குழி முறை ஒத்துவரவில்லை. கால்பாதேவியிலும் கிர்காவிலும் தெருவே சில மீட்டர்தான், இரு பக்கமும் நூறு வயதுக் கட்டடங்கள். இருபது மீட்டர் அகலக் குழிக்கு அங்கே இடமேது? அங்கெல்லாம் ஓரமாகக் கிடைத்த மனையில் ஒரு கிணறு போல இறங்கி, அங்கிருந்து பக்கவாட்டில் பாறையைக் குடைந்து பிளாட்பாரக் குகையை உண்டாக்கினார்கள். ஒரே வீச்சில் குடைவதில்லை. ஒரு துண்டு குடைவது, உடனே கான்கிரீட்டைப் பீய்ச்சுவது, நீண்ட எஃகு ஆணிகளைப் பாறைக்குள் அடிப்பது, எவ்வளவு அசைந்தது என்று அளப்பது, அதைப் பார்த்து அடுத்த துண்டின் அளவைத் தீர்மானிப்பது. பாறையே பாறையைத் தாங்கட்டும், மனிதன் அதற்குத் துணை நிற்கட்டும் என்பது இதன் தத்துவம். ஆஸ்திரியாவில் உருப்பெற்ற முறை இது. மரோல் நாகாவிலும் இப்படித்தான். நல்ல பாறை வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. எரிமலை அதை நமக்குப் பாதியளவு கொடுத்து வைத்திருந்தது. என்றாலும் அக்கம்பக்கத்துக்குச் சோதனைதான். டி.என். சாலையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ஜே.என். பெட்டிட் நூலகக் கட்டடத்தின் முகப்பிலிருந்து 2017இல் ஒரு துண்டு விழுந்தது, மெட்ரோ பணியின் அதிர்வே காரணம் என்று வழக்கு உயர் நீதிமன்றம் போனது. கால்பாதேவி, கிர்காவில் பல பழைய கட்டடங்களின் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. செம்பூர்க்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அவர்களுக்கு வாய்த்தது 2014இல் வடாலாவரை ஓடத் தொடங்கிய மோனோரயிலின் தூண்கள். தூணுக்குச் சாலை நடுவே கொஞ்சம் இடம் போதும், செலவும் சுரங்கத்தில் ஒரு பங்குதான். சாலையில் நிழலும் தூசும் இலவசம்.

இனி, இந்தக் கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்த விஷயம். பெட்டி கட்டி முடிந்தது. சுவர் நிற்கிறது, மண் சரியவில்லை. அப்புறம் என்ன பயம்? பெட்டி மேலே வந்துவிடுமோ என்ற பயம். காலிக் குடத்தைக் கிணற்று நீரில் வாய் மேலிருக்கப் பிடித்து அழுத்திப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆர்க்கிமிடீஸ் கணக்கு நீருக்கு மட்டுமல்ல, நீர் நிறைந்த மண்ணுக்கும் செல்லும்.

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். அடிப்பரப்பு 200 மீட்டருக்கு 20 மீட்டர் என்று வைத்தால் 4,000 சதுர மீட்டர். நிலத்தடி நீர்மட்டம் பெட்டியின் அடியிலிருந்து 18 மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று கொள்வோம். கழியை ஒட்டிய தாழ்நிலத்தில் இது மிகையில்லை. அடித்தளத்தை நீர் மேல்நோக்கித் தள்ளும் விசை சதுர மீட்டருக்கு 18 டன், மொத்தம் 72,000 டன். நம் விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்த் சுமார் 45,000 டன். அதாவது இந்தச் சேற்றுக்கு விக்ராந்தைத் தூக்கிவிட்டு இன்னும் பாதிக் கப்பலுக்குப் பலம் மிச்சமிருக்கும். எதிர்ப்பக்கம் பெட்டியின் எடை: ஒன்றரை மீட்டர் அடித்தளம், ஒரு மீட்டர் சுவர், நடுத்தளம், கூரை எல்லாம் சேர்த்துக் கான்கிரீட்டைக் கணக்கிட்டால் 50,000 டன் சுற்றித்தான் வரும். இருபதாயிரம் டன் துண்டு விழுகிறது.

அந்தத் துண்டை அடைக்கக் கூரைமேல் மண்ணைத் திரும்பக் கொட்டுகிறார்கள். நீங்கள் நடக்கும் சாலையும் அதன் அடியிலிருக்கும் மண்ணும் சும்மா இல்லை, நிலையத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சுற்றுச்சுவர்த் தூண்களைப் பெட்டியோடு பிணைக்கிறார்கள், மண்ணோடு அவற்றுக்குள்ள உராய்வும் சேரும். போதாவிட்டால் அடித்தளத்திலிருந்து பாறைக்குள் இழுவை ஆணிகள். வழக்கமாகத் தூண் கட்டடத்தைத் தாங்கும். இங்கே தூண் கட்டடத்தைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. மிக ஆபத்தான காலம், அடித்தளம் போட்டாயிற்று, கூரை இன்னும் இல்லை என்ற இடைக்காலம். பெட்டி எடை குறைவு, நீரோ முழு அழுத்தத்தில். அப்போது பம்புகள் நிற்கக் கூடாது. நின்றாலும் பெட்டி பிழைக்கட்டும் என்று அடித்தளத்திலேயே சில குழாய்களைத் திறந்து விட்டு வைப்பார்கள். அழுத்தம் மிஞ்சினால் நீர் அதன் வழியே உள்ளே பொங்கி வந்துவிடும். மிதப்பதைவிட நனைவது மேல். எடை போதுமான அளவு ஏறிய பிறகே அந்தத் துளைகளை அடைக்கிறார்கள்.

தாராவியில் இன்னொரு கூடுதல் உபத்திரவம், நீர் உப்பு. கான்கிரீட்டுக்குள் உப்பு ஊறிக் கம்பியை எட்டினால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், பருத்தால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். நூறாண்டு நிற்க வேண்டிய கட்டுமானத்துக்கு இது மெதுவான விஷம். அனல்மின் நிலையச் சாம்பலும் உருக்காலைக் கசடும் கலந்த கான்கிரீட் உப்பை உள்ளே விடுவதில் கஞ்சத்தனம் காட்டும் என்பதால் இப்படிப்பட்ட இடங்களில் அதற்கு மதிப்பு. வெளியே நீர்புகா உறையும் சுற்றுகிறார்கள்.

நிலையத்தை விட்டு வடக்கே கிளம்பும் ரயில் உடனே மித்தி ஆற்றுக்கு அடியில் போகிறது. கல்கத்தாவில் ஹூக்ளிக்கு அடியே 520 மீட்டர் போகும் பாதை 2024 மார்ச்சில் திறந்தபோது நாடே பேசியது. மித்திக்கு அந்தப் புகழ் கிடைக்கவில்லை. அகலம் குறைவு, அழகும் குறைவு. ஆனால் பம்பாய்த் தீவுக்கும் சால்செட்டுக்கும் இருந்த பழைய எல்லையைப் பயணி கைப்பேசியில் இருந்து தலை தூக்குவதற்குள் கடந்துவிடுகிறார் என்பதை நினைத்தால் எனக்கு ஹூக்ளியைவிட இதுவே பிடித்திருக்கிறது.

மித்தி மேலிருந்து என்ன செய்யும் என்பதை மும்பை 2005 ஜூலை 26 அன்று பார்த்தது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. கடலில் ஏற்றம் இருக்கும்போது மித்தியால் வடிய முடியாது, பின்னோக்கி ஊருக்குள் ஏறும். சுரங்க நிலையத்தைப் பொறுத்தவரை பூமிக்கு அடியில் இருக்கும் நீரைச் சுவர் பார்த்துக்கொள்ளும். தெருவில் ஓடும் நீருக்கு வாசல்தான் வழி. வாசலைச் சாலை மட்டத்துக்கு மேல் சில படி ஏறி அப்புறம் இறங்கும்படி வைப்பதும், வெள்ளக் கதவுகள் பொருத்துவதும் அதற்காகவே. இறங்குவதற்கு முன் எதற்கு இந்தப் படி என்று முழங்கால் வலிக்காரர்கள் முணுமுணுப்பது நியாயம்தான், ஆனால் படி அங்கே இருக்க வேண்டும். 2001 செப்டம்பரில் நாரி புயலின்போது தைபே நகரின் மெட்ரோ நிலையங்களுக்குள் வெள்ளம் இறங்கிச் சேவை வெகுநாள் முடங்கியது.

ஆனால் எத்தனை உறுதியான பெட்டியானாலும் அதன் முடிக்கப்படாத ஓட்டை எது என்று மழை கண்டுபிடித்துவிடும். 2025 மே 26 அன்று பருவமழை மும்பைக்கு வரலாறு காணாத அளவு முன்னதாக வந்தது. திறந்து 16 நாளே ஆகியிருந்த ஆச்சார்ய அத்ரே சௌக் நிலையத்தில், கட்டுமானம் முடியாத ஒரு வாசலில் நீரைத் தடுக்க எழுப்பியிருந்த சுவர் உடைந்தது. சேற்று நீர் படிகளில் இறங்கிப் பிளாட்பாரத்தைத் தொட்டது. அடுத்த நிலையமான வர்லிக்கும் அதற்கும் இடையே ரயில்கள் நின்றன. சுவரின் தரத்தைப் பற்றி அப்போது நிறையப் பேசினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது நாட்காட்டி. ஜூன் இரண்டாம் வாரம் மழை வரும் என்ற நம்பிக்கையில் பாதி முடிந்த வாசலோடு மே மாதம் ஒரு சுரங்க நிலையத்தைத் திறப்பது, பருவமழை தேதியைக் கடைப்பிடிக்கும் என்று பந்தயம் கட்டுவது.

மண், நீர் இரண்டையும் வெளியே நிறுத்தியாயிற்று. மூன்றாவது எதிரி உள்ளேயே பிறக்கிறது: வெப்பம். ரயிலும் பயணிகளுமாக 480 டன் என்று கொண்டு, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நிலையத்தில் நிற்கிறது என்றால், அது இழக்கும் இயக்க ஆற்றல் சுமார் 33 யூனிட் மின்சாரம். வீட்டு ஏ.சி. ஒன்று கிட்டத்தட்ட ஒரு நாள் ஓடும் அளவு, ஒவ்வொரு ரயிலுக்கும், ஒவ்வொரு நிலையத்திலும். இன்றைய ரயில்கள் பிரேக் போடும்போது மோட்டாரையே ஜெனரேட்டராக்கி இதில் பெரும்பங்கை மின்கம்பிக்குத் திருப்பிவிடுகின்றன. மிச்சம் வெப்பமாகிறது. மனிதனும் சும்மா இருக்கும்போதே சுமார் நூறு வாட் வெப்பம் விடும் பிராணி. 2,500 பேர் ஏறிய ரயில் என்றால் 250 கிலோவாட் அடுப்பு.

இந்த வெப்பம் எங்கே போகும்? லண்டனில் களிமண்ணுக்குள் போனது. 1863இல் தொடங்கிய உலகின் முதல் சுரங்க ரயிலின் ஊரில், 1900 வாக்கில் ஆழச் சுரங்கங்களைச் சுற்றிய களிமண் சுமார் 14 டிகிரி. வெயில் காலத்தில் குளிர்ச்சிக்காகவே சுரங்க ரயிலில் வாருங்கள் என்று விளம்பரம் செய்த காலமும் உண்டு. நூறாண்டு ரயில் ஓடி ஓடி அந்தக் களிமண் இப்போது 20 டிகிரியைத் தாண்டிவிட்டது. இனி அது வெப்பத்தை உறிஞ்ச மறுக்கிறது. மும்பைக்கு அந்த நூறாண்டுச் சலுகைகூட இல்லை. சில மீட்டர் ஆழத்தில் பூமியின் வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். மும்பையின் சராசரி 27 டிகிரி. லண்டன் சுரங்கம் நூறாண்டில் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் மேலே மும்பை தொடங்குகிறது. ஆகவே முதல் நாளிலிருந்தே குளிர்விக்கும் எந்திரம் கட்டாயம். அதன் குளிரைச் சுரங்கம் குடித்துவிடாமல் காக்கத்தான் பிளாட்பார ஓரத்தில் தரையிலிருந்து மேலே வரை கண்ணாடிக் கதவு. தண்டவாளத்தில் யாரும் விழாமல் இருக்க என்றுதான் அதை நினைக்கிறோம். அது பாதிக் காரணம். சுரங்கத்தில் ஓடும் ரயில் தனக்கு முன்னால் இருக்கும் சூடான காற்றை ஊசிக்குழல் அடைப்பான் போலத் தள்ளிக்கொண்டு வருகிறது. கதவு இல்லாவிட்டால் அந்தக் காற்று முழுவதும் பிளாட்பாரத்தில் நிற்பவர் முகத்தில்.

அந்தக் காற்றுக்கு வெளியே போக வழி வேண்டும். நிலையத்தின் இரு முனைகளிலும் தெருவில் எழும்பி நிற்கும் சாம்பல் நிறக் கூண்டுகள், சரிந்த தகடுகள் பொருத்திய சுவர்கள்: அழகில்லாத அவைதான் நிலையத்தின் மூக்கு. சாதாரண நாளில் வெப்பக் காற்றை வெளியேற்றுவது அவற்றின் வேலை. தீப்பிடித்தால் வேலை மாறும்.

1987 நவம்பர் 18 அன்று லண்டனின் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் மர எஸ்கலேட்டருக்கு அடியில் பிடித்த சிறு தீ, சில நிமிடங்களில் டிக்கெட் கூடத்தை விழுங்கி 31 உயிரைக் கொண்டுபோனது. தீ அவ்வளவு வேகமாக மேலேறியது ஏன் என்று கணினியில் மாதிரி செய்து பார்த்தபோது யாரும் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. சாய்ந்த எஸ்கலேட்டரின் பள்ளத்தில் சுடர் நிமிர்ந்து நிற்காமல் படிகளோடு படுத்துக்கொண்டே மேலே ஓடி, எதிரே இருந்த மரத்தை முன்கூட்டியே சூடாக்கியிருக்கிறது. கணினி தப்புச் சொல்கிறது என்றே முதலில் பலர் நினைத்தார்கள். சிறு மாதிரி கட்டிக் கொளுத்திப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். லண்டன் சுரங்க நிலையங்களில் மர எஸ்கலேட்டர்களை அதன்பிறகு படிப்படியாக அகற்றினார்கள். 2003 பிப்ரவரியில் தென்கொரியாவின் தேகு நகரில் ரயிலுக்குள் வைத்த தீ 192 பேரைக் கொன்றது. சுரங்கத் தீயில் சுடரைவிடப் புகையே பெரிய எமன்.

புகை தானாகக் கூரையை ஒட்டி இரு திசையிலும் பரவும். ஆனால் நொடிக்கு இரண்டு மூன்று மீட்டர் வேகத்தில் ஒரு பக்கத்திலிருந்து காற்றைத் தள்ளினால் புகையால் எதிர்த்து ஏற முடியாது, ஒரே திசையில் ஒதுங்கும். நிலையத்தின் இரு முனைகளிலும் இருக்கும் ராட்சத மின்விசிறிகள் இதற்காகவே இரு திசையிலும் சுழலக்கூடியவை. சுரங்கத்தில் எந்த இடத்தில் ரயில் நின்றது, தீ எந்தப் பெட்டியில் என்று பார்த்து, ஒரு முனை விசிறி புதுக் காற்றை உள்ளே தள்ளும், மறு முனை விசிறி புகையை உறிஞ்சும். பயணிகளை அழைத்துப்போவது புதுக் காற்று வரும் திசைக்கு. ஊழியர் சொல்வதைக் கேட்பதுதான் முதல் விதி; யாரும் சொல்ல இல்லாமல் இருட்டில் நின்றுவிட்டால், காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாக நடக்க வேண்டும், முதுகில் அடிக்கிற பக்கமாக அல்ல.